அன்றாடு நற்காசு: செல்லும், செல்லாது என்பது பற்றிச் சில குறிப்புகள்

திட்டக்குடி பேருந்து நிலையத்துப் பக்கம் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடைக்காரர் பல வருஷம் பத்து ரூபாய் நாணயத்தை வாங்காமலிருந்தார். 'இது செல்லாதுங்க, வேற குடுங்க' என்பார். அசோகர் தூணின் சிங்கங்கள் பொறித்த, அரசாங்கத்தின் சொந்த அச்சாலையில் அடித்த காசு அது. 2016 நவம்பரில் ரிசர்வ் வங்கி 'தயங்காமல் வாங்குங்கள்' என்று அறிக்கை விட்டது. 2018 ஜனவரியில் மறுபடியும் ஓர் அறிக்கை: பதினான்கு வடிவங்களில் வெளியிட்டிருக்கிறோம், பதினான்கும் செல்லும். கடைக்காரர் அசையவில்லை. 'ரிசர்வ் பேங்குக்காரன் வந்தா எங்கிட்ட டீ குடிக்கப் போறான்? மொத்த யாவாரி வாங்கல, பஸ்ஸுல வாங்கல, நான் மட்டும் வாங்கி என்ன பண்ண?' தருமபுரி மாவட்டம் அரூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் 2022இல் ஆறு லட்ச ரூபாயை இந்த நாணயங்களாகவே மூட்டை கட்டிக்கொண்டு போய் சேலத்தில் கார் வாங்கியது செய்தியானது. நாம் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினோம். சிரித்திருக்கக் கூடாது என்று இப்போது நினைக்கிறேன். அரசு 'செல்லும்' என்று சொல்வதற்கும் தெரு 'செல்லும்' என்று சொல்வதற்கும் நடுவே இருக்கிற இடைவெளியை அவர் எடுத்துக் காட்டினார்.

தமிழில் பணம் நடமாடுகிற ஒன்று. செல்லும், செல்லாது, செலவு, செலாவணி, செல்லாக்காசு எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை. (செல்வத்தையும் இதில் சேர்ப்பவர்கள் உண்டு, அந்தச் சொற்பிறப்புச் சண்டைக்குள் நான் போகவில்லை.) ஒரு காசின் மதிப்பு அதன் உலோகத்திலோ முத்திரையிலோ இல்லை, அது அடுத்த கைக்குச் செல்லுமா என்பதில் இருக்கிறது என்பதைப் பொருளாதாரம் படித்தவர்கள் சொல்வதற்கு வெகுகாலம் முன்பே மொழி பிடித்துவைத்திருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'அன்றாடு நற்காசு' என்றொரு வழக்கு வருகிறது. அன்றைக்குப் புழக்கத்திலுள்ள நல்ல காசு என்று பொருள். கோயிலுக்கு நிலம் விற்றவன், விளக்கெரிக்கப் பொன் கொடுத்தவன் எல்லோரும் இந்தச் சொல்லைக் கல்லில் வெட்டிவைத்தார்கள் என்றால், அன்றாடு செல்லாத காசும் நல்லதல்லாத காசும் ஊரில் ஏராளமாக இருந்தன என்றுதான் நாம் வாசிக்க வேண்டும். கல்வெட்டை வாசிப்பதென்பது அதிலுள்ள பயத்தையும் சேர்த்து வாசிப்பதுதானே.

இதையெல்லாம் எழுத வைத்தது விருத்தாசலத்து நண்பர் ஒருவருக்கு நேர்ந்தது. திட்டக்குடியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பீங்கான் சாமான் செய்கிற சிறிய பட்டறை அவருடையது. அகல் விளக்கு, சாமி பொம்மை, உண்டியல். வர்ணம் பூச ஏழெட்டுப் பெண்கள். நாங்கள் இருவரும் ஒரு காலத்தில் ஒரே படிப்பு வட்டத்தில் இருந்தவர்கள். அவர் இன்னமும் என்னைத் தோழர் என்றுதான் கூப்பிடுகிறார்.

ஒரு கார்த்திகைக்கு முன்னால் கடல் கடந்த ஊரிலிருந்து உறவுமுறையில் ஒருவர் அவரிடம் விளக்கு கேட்டார். பணத்துக்கு, வங்கிக் கட்டணம் பிடிக்கும், நாளாகும், 'டெதர்' காயினில் அனுப்பிவிடுகிறேன் என்றார். டாலரோடு கட்டிப்போட்ட காயின் அது. ஒரு காயின் ஒரு டாலர். நண்பருக்குச் சந்தோஷம். பணம் மட்டுமில்லை காரணம். 'அரசாங்கம் இல்லாத பணம் தோழர். நடுவுல எவனும் இல்ல. கையிலேர்ந்து கைக்கு. நாம அந்தக் காலத்துல பேசினது இதானே' என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. 2016ஆம் வருஷம் நவம்பர் 8க்குப் பிறகு அரசாங்கப் பணத்துக்கு வக்காலத்து வாங்குகிற தைரியம் எனக்கு இல்லை.

காயின் நிமிஷத்தில் வந்துவிட்டது. ஆனால் களிமண் கொடுப்பவர் காயின் வாங்க மாட்டார். வர்ணம் விற்பவரும் வாங்க மாட்டார். ஆக, அதை ரூபாயாக மாற்ற வேண்டும். செயலியில் முகம் தெரியாத ஒருவரிடம் காயினைத் தள்ளினார். ரூபாய் வங்கிக் கணக்கில் விழுந்தது. மூன்றாம் வாரம் கணக்கு முடக்கப்பட்டது. அந்த ரூபாய் எங்கோ வட மாநிலத்தில் யாரிடமோ ஏமாற்றிப் பறித்த பணமாம். புகார் பதிவான காவல் நிலையம் பணம் போன வழியெல்லாம் கணக்குகளை நிறுத்தச் சொல்லியிருந்தது. நடுவில் எவனும் இல்லாத பணத்துக்கு நடுவே ஒரு திருடன், ஒரு வங்கி, ஒரு காவல் நிலையம், மொழி தெரியாத ஒரு மாநிலம்.

மற்றவை இருக்கட்டும். பெண்களின் கூலியும் அந்தக் கணக்கில்தான் இருந்தது. கார்த்திகை நெருங்குகிற நேரம். நண்பர் என்ன செய்தார்? தெரிந்த மளிகைக் கடைக்குத் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். 'இன்னாருக்கு இவ்வளவுக்குச் சாமான் தரவும்', கீழே கையெழுத்து. பெண்கள் சீட்டைக் கொண்டுபோய் அரிசியும் எண்ணெயும் வாங்கினார்கள். கடைக்காரர் கொஞ்சம் விலை ஏற்றித்தான் போட்டார் என்று அவர்களில் ஒருவர் பிற்பாடு என்னிடம் சொன்னார். 'சீட்டுன்னா அப்படித்தான சார், காசுன்னா எதுத்துக் கேக்கலாம், சீட்டுக்கு என்னன்னு கேக்கறது?'

துண்டு. இந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு இலங்கைத் தேயிலைத் தோட்டங்கள் ஞாபகத்துக்கு வந்தன. தென்னார்க்காடு, சேலம், திருச்சி ஜில்லாக்களிலிருந்து கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு போன சனங்கள், போய்ச் சேரும்போதே கடனாளிகள். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால் துரையிடமிருந்து ஒரு சீட்டு வேண்டும். இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறோம் என்று அதில் எழுதியிருக்கும். அதற்குப் பெயரே 'துண்டு'. புதுத் தோட்டம் அந்தத் தொகையைக் கட்டும். கட்டியது ஆட்களின் புதுக் கடனாகும். கங்காணிகள் துண்டை வைத்துக்கொண்டு பேரம் பேசினார்கள். ஆள் தேவைப்பட்ட காலத்தில் தொகை ஏறியது. அரசு அச்சடிக்காத, வங்கி ஏற்காத ஒரு காகிதம், தோட்டத்திலிருந்து தோட்டத்துக்குச் செல்லுபடியானது. எதன் பேரில்? உள்ளே பொன் இல்லை, மனிதர்கள் இருந்தார்கள். 1921இல் சட்டம் போட்டுத்தான் துண்டை ஒழித்தார்கள். அதற்கும் முன்பே, 1900களின் தொடக்கத்தில், தகர வில்லை முறை ஒன்று வந்திருந்தது: தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் குத்திய சின்னத் தகரத் துண்டு. அதைக் காட்டினால் பயணம், சாப்பாடு எல்லாம் நடக்கும். செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். காசுபோல வட்டமாக, காசுபோல எண் போட்டு. ஆனால் செலவானது தகரம் அல்ல, அதைக் கட்டியிருந்தவர்.

தனியார் பணம் என்றதும் நம் நண்பர்களுக்குச் சுதந்திரம் தோன்றுகிறது. எனக்குத் துண்டு தோன்றுகிறது. இரண்டும் ஒன்று என்று நான் வாதிடவில்லை. துண்டில் கடன்காரனின் பெயர் இருக்கும். பிட்காயினில் யார் பெயரும் இல்லை, அதுவே அதன் பெருமை. ஆனால் பெயரில்லாமை யாருக்குப் பயன்படுகிறது என்று கேட்க வேண்டும். மேலே சொன்ன கதையில் பெயரில்லாமல் தப்பித்தவர் ஒருவர்தான். மற்ற எல்லோருக்கும் பெயர் இருந்தது, ஆதார் இருந்தது, கைரேகை இருந்தது.

இந்தப் பணத்தின் வம்சாவளியையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். 2008 அக்டோபர் 31இல் சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் அந்தக் கட்டுரை வெளியானது. 2009 ஜனவரி 3இல் முதல் கட்டம் உருவானபோது அதனுள் அன்றைய லண்டன் நாளிதழின் தலைப்பு ஒன்று பொதிக்கப்பட்டது, வங்கிகளை அரசு இரண்டாம் முறை மீட்கப்போவதைப் பற்றியது. இந்தக் கோபம் நியாயமானது. நம் தோழர்களை இழுத்ததும் அதுதான். ஆனால் பணத்தை அரசிடமிருந்து பிடுங்கிப் போட்டிக்கு விட வேண்டும் என்று 1976இலேயே புத்தகம் எழுதியவர் ஹயெக். சந்தையைக் கடவுளாக்கியவர். வங்கிக்கு எதிரான கோபத்தை இடதுசாரிகளிடமிருந்தும், மருந்தை ஹயெக்கிடமிருந்தும் வாங்கிக்கொண்ட ஒரு பிரதி இது. இரண்டு கோடியே பத்து லட்சம் காயினுக்கு மேல் எப்போதும் கிடையாது என்ற விதி ஒன்று போதும் அதைக் காட்ட. அளவு நிலையானது, தேவை கூடுகிறது என்றால் முதலில் வந்தவன் ஜமீன்தார்.

2010 மே 22இல் அமெரிக்காவில் ஒருவர் பத்தாயிரம் பிட்காயின் கொடுத்து இரண்டு பீட்சா வாங்கினார். அன்றாட வாணிகத்தில் அது செலவான முதல் தருணமென்று கொண்டாடுகிறார்கள். அந்தக் கொண்டாட்டத்தின் உள்ளே ஒரு கேலி இருக்கிறது: 'பாவம், வைத்திருந்தால் இன்றைக்கு என்னவாகியிருப்பான்!' வைத்திருந்தால். அந்த வார்த்தையோடு அது காசாக இருப்பது நின்றுவிடுகிறது. செலவழித்தவனைப் பைத்தியக்காரன் என்று சிரிக்கும் இடத்தில் எது இருக்கிறதோ அது புதையல், பணம் அல்ல. எங்கள் பாட்டி சுருக்குப் பையில் முடிந்துவைத்த காசு நாலு நாளில் வெற்றிலைக்குப் போய்விடும். குதிரிக்குள் வைத்த பொன் எங்கேயும் போகாது. இரண்டுக்கும் ஊரில் வேறு வேறு பெயர் இருந்தது.

மத்திய அமெரிக்காவில் எல் சால்வதோர் அரசு 2021 ஜூனில் சட்டம் போட்டு, பொருள் விற்கிற எவரும் பிட்காயினை ஏற்றே ஆக வேண்டும் என்றது. கடைக்காரர்களில் பெரும்பாலோர் டாலரைத்தான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். பன்னாட்டு நிதியத்திடம் கடனுக்குப் போய் நின்றபோது அதுவே நிபந்தனையாகி, 2025 ஜனவரியில் 'விருப்பப்பட்டால் ஏற்கலாம்' என்று சட்டத்தைத் திருத்தினார்கள். எங்கள் டீக்கடைக்காரருக்கு இந்தச் செய்தியைச் சொன்னேன். 'பத்து ரூவா காசு மாதிரியா?' என்றார். அதேதான்.

இந்தியாவில் வேறு மாதிரி நடந்தது. 2018 ஏப்ரல் 6இல் ரிசர்வ் வங்கி, இந்தக் காயின் வியாபாரத்துக்கு வங்கிகள் எந்தச் சேவையும் தரக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. 2020 மார்ச் 4இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தீர்ப்பை எழுதியவர் நம் மன்னார்குடிக்காரர், நீதிபதி வி. ராமசுப்பிரமணியன். பணம் என்றால் என்ன என்று பக்கம் பக்கமாக ஆராய்கிற தீர்ப்பு அது. சட்டக்காரர்களைவிட நம்மைப் போன்றவர்கள் படிக்க வேண்டியது. காயின் பணம்போலப் பயன்படும் என்று தெரிந்துகொண்டே, அது சட்டப்பூர்வப் பணமல்ல என்று அரசுகள் மறுத்துக்கொண்டிருப்பதைப் பூனை கண்ணை மூடிக்கொள்வதற்கு ஒப்பிட்டிருக்கிறார். ரிசர்வ் வங்கிக்கு அதிகாரம் உண்டு, ஆனால் வங்கிகளுக்கு என்ன தீங்கு நேர்ந்தது என்று அது காட்டவில்லை, ஆகவே தடை அளவுக்கு மீறியது என்பதே முடிவின் சாரம். பிறகு 2022 பட்ஜெட். காயினில் வரும் லாபத்துக்கு 30 விழுக்காடு வரி, ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் 1 விழுக்காடு பிடித்தம், ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கக் கூடாது. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் இது சொத்து, உடைமையாக வைத்துக்கொள்ளக் கூடியது என்றார். அவர் முன் வந்தது, 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் பரிமாற்றகத்தில் நடந்த பெரும் திருட்டுக்குப் பின் தன் காயின்கள் முடங்கிப்போன ஒருவரின் வழக்கு.

ஆக நம் ஊரில் இது தடைசெய்யப்பட்டதல்ல, பணமும் அல்ல. வரி கட்ட வேண்டிய சொத்து. பிட்காயின் கொடுத்து டீ குடித்தால், சட்டத்தின் கண்ணில் நான் ஒரு சொத்தைக் கைமாற்றுகிறேன். வாங்கிய விலைக்கும் டீ விலைக்கும் கணக்குப் போட்டு லாபம் காட்ட வேண்டும். காணி விற்று டீ குடிக்கிற மாதிரி. இதற்கிடையே அதே கடையில் சதுரக் கட்டம் போட்ட அட்டை ஒன்று தொங்குகிறது. 2016 ஏப்ரலில் தொடங்கிய யுபிஐ 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2000 கோடி பரிவர்த்தனையைத் தாண்டியது. பத்து ரூபாய் நாணயத்தை மறுத்தவர் பத்து ரூபாயைப் போனில் வாங்குகிறார். 'கணீர்னு சத்தம் வருதுல்ல' என்கிறார், பணம் வந்ததை உரக்கச் சொல்கிற பெட்டியைக் காட்டி. காயின்காரர்கள் சொன்ன வேகமும் மலிவும் அரசின் தோளில் ஏறியே வந்துவிட்டன. அவர்கள் அஞ்சிய கண்காணிப்பும் கூடவே வந்துவிட்டது. இதை நான் மகிழ்ச்சியோடு எழுதவில்லை.

செல்லுபடியை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்விக்கு எங்கள் வெள்ளாற்றங்கரையிலேயே பழைய விடை ஒன்று உண்டு. திட்டக்குடியைத் தொட்டு ஓடும் வெள்ளாறு கடலில் கலக்கும் இடம் பறங்கிப்பேட்டை. 'பறங்கிப்பேட்டை வரகன்' என்று ஒரு பொற்காசு இருந்தது. சென்னையின் நட்சத்திர வரகனைவிடத் தங்கம் குறைச்சல், ஆனாலும் இந்தப் பக்கமெல்லாம் புழங்கியது. கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. சந்தையில் அந்த விகிதம் நாளுக்கு நாள் மாறும். எந்தக் காசு எந்த மாற்று, எதற்கு எவ்வளவு வட்டம் கழிக்க வேண்டும் என்று சொல்கிறவர் சராப். குடியானவன் செப்புக்காசுக்கு விளைச்சலை விற்று, தீர்வைக்குக் கேட்ட காசாக மாற்றப் போகும்போது ஒவ்வொரு படியிலும் வட்டம் கழியும். 1818இல் ரூபாயை நிலைநிறுத்தி நூறு நட்சத்திர வரகனுக்கு 350 ரூபாய் என்று கம்பெனி அறுதியிட்டது. 1835இல் இந்தியா முழுவதற்கும் ஒரே நாணயம் வந்தது. சராப்பின் தொழில் குறைந்தது, தீர்வை குறையவில்லை.

நாணயம் பல இருந்த அந்தக் காலத்தைப் பன்மைத்துவத்தின் பொற்காலமாகப் பேசுகிற ஒரு போக்கு இப்போது நம்மிடையே இருக்கிறது. பன்மையின் நடுவே சராப் உட்கார்ந்திருந்தார் என்பதை மறந்துவிடக் கூடாது. 2016இல் அவர் திரும்பி வந்ததை நானே பார்த்தேன். செல்லாத ஐந்நூறுக்கு நானூறு கொடுத்தார்கள். எங்கள் பக்கம் முந்திரி உடைக்கப் போன பெண்களுக்குப் பழைய நோட்டிலேயே கூலி கொடுத்த முதலாளிகள் இருந்தார்கள். 'வாங்குனா வாங்கு, பேங்குல போய் நில்லு' என்றார்கள். ஒரு நாள் கூலியை மாற்ற இரண்டு நாள் கூலியை இழந்து வரிசையில் நின்றார்கள். நானும் நின்றேன், ஆனால் எனக்குச் சம்பளம் வெட்டவில்லை. செல்லாதென்று அறிவித்ததில் 99 விழுக்காட்டுக்கு மேல் வங்கிக்கே திரும்பி வந்துவிட்டது என்று 2018இல் ரிசர்வ் வங்கி சொல்லிற்று. கழிந்த வட்டம் மட்டும் எந்த அறிக்கையிலும் வரவில்லை.

காசுக்கு முன்னால் நெல்லாகவே கூலி அளந்த காலத்தைப் பற்றியும் ஏக்கத்தோடு பேசுகிறவர்கள் உண்டு: பணமே இல்லாத, உறவு சார்ந்த பொருளாதாரமாம். எங்கள் ஊரில் வயதானவர்களைக் கேளுங்கள், வீட்டில் இரண்டு மரக்கால் இருந்ததைச் சொல்வார்கள். குத்தகை அளந்து வாங்க ஒன்று, கூலி அளந்து போட ஒன்று. 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்ததற்குப் பின்னால் இருந்தது அரைப்படி நெல் அதிகம் கேட்ட கோரிக்கை. அளவுகோலை யார் கையில் வைத்திருப்பது என்பதே அங்கே கேள்வி.

எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் வாழைமரம் அச்சடித்த பத்து டாலர் நோட்டுகள் ஒரு கட்டு இருந்தன. மலாயா ரப்பர் தோட்டத்தில் இருந்த சின்னத் தாத்தா கொண்டுவந்தவை. 1942 முதல் ஜப்பான்காரன் அச்சடித்துத் தள்ளிய நோட்டு. 1945இல் அவன் தோற்றதும் வெறும் காகிதம். மூன்றரை வருஷ உழைப்பைத் தாத்தா கடைசிவரை எறியவில்லை. சிறுவயதில் நாங்கள் அதை வைத்துக் கடை விளையாட்டு விளையாடுவோம். அங்கே மட்டும் அது செல்லும். ஈழத்தில் 1994இல் புலிகள் வைப்பகம் தொடங்கினார்கள், நீதிமன்றமும் காவல்துறையும் நடத்தினார்கள், ஆனால் புழங்கியது இலங்கை ரூபாய். எதிரியின் காசு. பணத்தைப் பற்றி நம் தத்துவ நண்பர்கள் எழுதியதில் எங்கும் நான் காணாத தெளிவு அந்த முடிவில் இருக்கிறது: அரசை அறிவித்துவிடலாம், காசை அறிவிக்க முடியாது, அது சனங்கள் கையில் ஏறிப் போக வேண்டும்.

உண்டியல் என்ற சொல்லுக்குத் தமிழில் மூன்று பொருள். கோயிலில் காணிக்கை போடுவது. குழந்தை காசு சேர்க்கிற மண் கலயம். கடல் கடந்து பணம் அனுப்ப நகரத்தார் எழுதிய, பிற்பாடு வளைகுடாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வீட்டுக்குப் பணம் வந்த வழி. மூன்றாவது உண்டியலில் காகிதமோ ஒரு குறிச்சொல்லோ மட்டும்தான் போகும். காசு இங்கேயே ஒரு கையிலிருந்து எடுத்துக் கொடுக்கப்படும். டெதர் அனுப்பிய உறவினர் செய்ததும் அதைத்தான். வித்தியாசம், பழைய உண்டியல்காரருக்கு ஊர் இருந்தது, வீடு இருந்தது, வாக்குத் தவறினால் போய் வாசலில் உட்காரலாம். அவரும் தர்மவான் இல்லை, வட்டம் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார்.

நண்பரின் கணக்கு ஐந்து மாதம் கழித்துத் திறந்தது. புகாரில் சொன்ன தொகையை மட்டும் பிடித்துவைத்துக்கொண்டு மீதியை விட்டார்கள். மளிகைக் கடைக்காரருக்குச் சீட்டுப் பாக்கியை அடைத்தார். பெண்களுக்கு விலை ஏற்றிப் போட்ட வித்தியாசத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று நான் சொன்னேன். 'எப்படித் தோழர் கணக்குப் பண்றது, சீட்டெல்லாம் கடையில போயிடுச்சே' என்றார். பெண்கள் கணக்கு வைத்திருந்தார்கள். ஒருவர் காலண்டர் தாளின் பின்பக்கத்தில், தேதிவாரியாக, அரிசி இத்தனை, வெளியில் விலை இத்தனை, நமக்குப் போட்டது இத்தனை என்று எழுதிவைத்திருந்தார். அதைப் பார்த்துக் கொடுத்தார், ரொக்கமாக. இரண்டு பேருக்குச் சில்லறை பத்து ரூபாய் நாணயமாக வந்தது. ஒருவர் வாங்கிக்கொண்டார். இன்னொருவர் திருப்பிக் கொடுத்து நோட்டாகக் கேட்டார்.

அவர் போனில் கொஞ்சம் டெதர் இன்னமும் கிடக்கிறது. விற்கப் பயமாக இருக்கிறது என்கிறார்.